அஞ்சுல நாலு பேர் போயாச்சு: நெப்ராஸ்கா 1995

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு ஆகஸ்ட் மாசம்னா ஒரு சடங்கு இருக்கு. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அணியையும் பிரிச்சு மேய்வாங்க. குவார்ட்டர்பேக் எப்படி, ரன்னிங் பேக் எப்படி, போன வருஷம் எத்தனை யார்டு ஓடினான், இந்த வருஷம் எத்தனை ஓடுவான். எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு, சுலபமா எழுதிடலாம். ஆஃபென்ஸிவ் லைன்னு ஒண்ணு வரும் பாருங்க, அங்க மட்டும் பேனா தடுமாறும். கடைசியில எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டுட்டு நகர்ந்துடுவாங்க: "போன வருஷத்து அஞ்சு பேர்ல எத்தனை பேர் திரும்பி வர்றாங்க?"

நாலு பேர் வந்தா 'பலம்'. ஒருத்தர் வந்தா 'கவலைக்கிடம்'. அவ்வளவுதான் மதிப்பீடு.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும்னு பார்க்க ஒரு அருமையான உதாரணம் இருக்கு. 1995 ஆகஸ்ட், நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். அஞ்சுல நாலு பேர் போயாச்சு. போனவங்க சும்மா ஆளுங்களும் இல்லை. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். ஃபுட்பால் பக்கமே தலைவச்சுப் படுக்காத மக்களும் ஓடிடாதீங்க. இது பந்தைப் பத்தின கதையே இல்லை, பந்தைத் தொடாதவங்களைப் பத்தின கதை. :-)

யார் இந்த அஞ்சு பேர்?

விஷயம் தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும்போது பந்துக்குப் பக்கத்துல அஞ்சு பேர் குனிஞ்சு நிப்பாங்க. நடுவுல சென்டர். அவர்தான் பந்தை ரெண்டு காலுக்கு நடுவுல பின்னாடி குவார்ட்டர்பேக் கையில கொடுப்பார். அவருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கார்டு. அதுக்கு வெளியே ரெண்டு டேக்கிள். 1990கள்ல நல்ல அணியில இவங்க ஒவ்வொருத்தரும் 300 பவுண்டுக்கு முன்பின்னா இருப்பாங்க, அதாவது 135 கிலோ சுமாருக்கு.

வேலை ஒண்ணுதான். எதிரணிக்காரனைத் தள்ளு, வழி விடு. ஓடுற ஆட்டம்னா முன்னாடி பாய்ஞ்சு சந்து உண்டாக்கணும். எறியிற ஆட்டம்னா பின்வாங்கி நின்னு குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்தணும். சாதாரணமா இவங்க பாஸ் பிடிக்கக்கூட விதி அனுமதிக்காது. பந்தை எடுத்து ஓடினவனுக்கு யார்டு கணக்கு, எறிஞ்சவனுக்கு யார்டு கணக்கு, பிடிச்சவனுக்கும் யார்டு கணக்கு. இந்த அஞ்சு பேருக்கு ஒரு கணக்கும் கிடையாது. குவார்ட்டர்பேக் பந்தோட கீழ விழுந்தா அதுக்கு 'சாக்'னு பேர், அது மட்டும் இவங்க தலையில விடியும். விக்கெட் கீப்பர் மாதிரின்னு வச்சுக்குங்க. நூறு பந்து பிடிச்சா யாரும் பேச மாட்டாங்க. ஒண்ணு நழுவினா ஊரே பேசும்.

இன்னொரு விஷயம். இந்த அஞ்சு பேரும் ஒரே ஆள் மாதிரி நகரணும். நாலு பேர் பிரமாதமாத் தள்ளி ஒருத்தர் அரை அடி தப்பா காலை வச்சா, அந்த ஆட்டம் அங்கேயே காலி. அதனாலதான் 'சேர்ந்து ஆடின அனுபவம்' இங்க தங்கம் மாதிரி. திரும்பி வர்றவங்களை எண்ணுற பழக்கத்துக்குப் பின்னாடி இருக்கிற நியாயமும் இதுதான். எண்ணுறது முட்டாள்தனம்னு நான் சொல்ல வரலை. அது எதை எண்ணாம விடுதுங்கிறதுதான் கேள்வி.

பைப்லைன்

1994ல நெப்ராஸ்கா முன்வரிசைக்கு 'பைப்லைன்'னு பேரே வச்சுட்டாங்க. இடது டேக்கிள் ராப் ஸடெக்கா, இடது கார்டு ஜோயல் வில்க்ஸ், சென்டர் ஆரன் கிரஹாம், வலது கார்டு பிரெண்டன் ஸ்டாய், வலது டேக்கிள் ஸாக் வீகெர்ட். வீகெர்ட், ஸ்டாய் ரெண்டு பேரும் அந்த வருஷம் ஆல் அமெரிக்கன். நாட்டிலேயே சிறந்த லைன்மேனுக்குக் கொடுக்கிற அவுட்லேண்ட் கோப்பை வீகெர்ட்டுக்கு. ஸடெக்கா படிப்பிலயும் புலி. படிப்பு, ஆட்டம் ரெண்டையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கிற டிராடி கோப்பை அந்த வருஷம் அவருக்குத்தான். பிற்பாடு டாக்டராகவும் ஆனார்.

இவங்களோட அருமை தெரியணும்னா பின்னாடி நின்னவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. டாமி ஃப்ரேஸியர்னு அசாத்தியமான குவார்ட்டர்பேக். நாலு ஆட்டம் முடிஞ்சதும் கால்ல ரத்தக்கட்டு, சீசன் கிட்டத்தட்ட முடிஞ்சது. அடுத்து வந்த புரூக் பெரிங்கருக்கு வயோமிங் ஆட்டத்துல நுரையீரல் சுருங்கிப்போச்சு. அதனால கேன்சஸ் ஸ்டேட் ஆட்டத்தைத் தொடங்கினவர் மாட் டர்மன். ஸ்காலர்ஷிப்கூட இல்லாம, சொந்தக் காசுல படிச்சு அணியில ஒட்டிக்கிட்டு இருந்த பையன். நெப்ராஸ்கா எறியப் போறதில்லைன்னு அரங்கத்துல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எதிரணிக்கும் தெரியும். தெரிஞ்சும் தடுக்க முடியலை. நெப்ராஸ்கா 17, கேன்சஸ் ஸ்டேட் 6.

அந்த சீசன்ல ரன்னிங் பேக் லாரன்ஸ் பிலிப்ஸ் 1,722 யார்டு ஓடினார். அணி ஆட்டத்துக்குச் சராசரியா 340 யார்டு ஓடி, நாட்டிலேயே முதலிடம்.

கடைசி ஆட்டம் 1995 ஜனவரி 1, ஆரஞ்சு பௌல், மயாமி அணியோட சொந்த ஊர். எதிர்ல வாரன் சாப். அந்த வருஷத்து லொம்பார்டி விருது வாங்கின மாமலை. மூணாவது கால் பகுதியில மயாமி 17, நெப்ராஸ்கா 7. அதுக்கப்புறம் நடந்ததைப் பழைய வீடியோவுல பார்த்தா, இந்த அஞ்சு பேர் செய்யற வேலை என்னன்னு தனியாப் பாடமே எடுக்க வேண்டாம். மயாமி ஆளுங்க இடுப்புல கை வச்சுக்கிட்டு மூச்சு வாங்குறாங்க. நெப்ராஸ்கா ஆளுங்க அப்படியே திரும்பத் திரும்ப வந்து குனியறாங்க. நாலாவது கால் பகுதியில ஃபுல்பேக் கோரி ஷ்லெசிஞ்சர் நடுவுல புகுந்து ரெண்டு டச்டவுன், ஒண்ணு 15 யார்டு, இன்னொண்ணு 14 யார்டு. ரெண்டும் 'டிராப்' வகை ஆட்டம். எதிரணி ஆளை வேணும்னே உள்ளே வர விட்டு, பக்கத்துலேருந்து இன்னொருத்தன் இடிச்சு ஒதுக்கிட்டு, அவன் விட்டுட்டு வந்த சந்துலேயே ஓடுறது. வலுவும் வேகமும் உள்ளவனை அவன் வேகத்தாலேயே ஏமாத்துற வித்தை. 24-17. டாம் ஆஸ்போர்ன் 1973லேருந்து தலைமைப் பயிற்சியாளர். அவருக்கு முதல் தேசியப் பட்டம் அன்னைக்குத்தான்.

ஷ்லெசிஞ்சர் பேர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. சந்து பண்ணிக் கொடுத்தவங்க பேர் எத்தனை பேருக்கு?

ஆகஸ்ட் 1995: இருப்புக் கணக்கு

சரி, இப்போ நம்ம கேள்வி. அந்த ஆகஸ்ட்ல உட்கார்ந்து இந்த வரிசையை மதிப்பிடச் சொன்னா என்ன எழுதுவீங்க?

செலவுப் பக்கம்: ஸடெக்கா போயாச்சு. வில்க்ஸ் போயாச்சு. ஸ்டாய் போயாச்சு. வீகெர்ட் போயாச்சு. இதுல மூணு பேர் நேரா என்எஃப்எல் டிராஃப்ட்ல எடுக்கப்பட்டவங்க. ரெண்டு டேக்கிளும் புதுசு, ரெண்டு கார்டும் புதுசு.

வரவுப் பக்கம்: சென்டர் ஆரன் கிரஹாம் ஒருத்தர். புது ஆளுங்க: கிறிஸ் டிஷ்மன், ஆரன் டெய்லர், ஸ்டீவ் ஓட், எரிக் ஆண்டர்சன்.

எண்ணிக்கை முறைப்படி இது அபாயச் சங்கு. ஆனா மிச்சம் இருக்கிற அந்த ஒருத்தர் எந்த இடத்துல இருக்கார்னு பாருங்க. சென்டர். எதிரணி எப்படி நிக்குதுன்னு பார்த்து, யார் யாரைத் தள்ளணும்னு பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் குரல் கொடுக்கிறவர் அவர்தான். அஞ்சுல ஒண்ணுன்னு எண்ணினா 20 சதவீதம். ஆனா வரிசையோட மூளை முழுசா அங்கேயே இருக்கு. எல்லா இடமும் ஒரே எடை இல்லை. எண்ணிக்கை விட்ட முதல் விஷயம் இது.

ரெண்டாவது, டெய்லர் மாதிரி ஆளுங்க 'புதுசு'ங்கிறது பாதி உண்மைதான். முதல் ஆட்டக்காரர் பட்டியல்ல புதுசு. களத்துக்குப் புதுசு இல்லை. 1994ல நெப்ராஸ்கா பசிஃபிக் அணியை 70-21னு அடிச்சுது, யுசிஎல்ஏவை 49-21. இப்படி ஆட்டம் சீக்கிரமே முடிவாகும்போது ரெண்டாம் வரிசை உள்ளே போய் நிஜமான எதிரியோட மோதும். அந்த நேரம் எந்த முன்னோட்டக் கணக்கிலயும் ஏறாது.

பத்திரிகையாளர்கள் ஓட்டெடுப்புல சீசனுக்கு முன்னாடி ஃப்ளோரிடா ஸ்டேட் முதலிடம், நெப்ராஸ்கா ரெண்டாவது.

விடை

ஆகஸ்ட் 31, ஓக்லஹோமா ஸ்டேட்: 64-21. மிச்சிகன் ஸ்டேட்: 50-10. அரிசோனா ஸ்டேட்: 77-28. இப்படியே போச்சு. மொத்தம் 12 ஆட்டம், 12 வெற்றி, 638 புள்ளி. மிக நெருக்கமான ஆட்டம் வாஷிங்டன் ஸ்டேட்டோட, அதுவே 14 புள்ளி வித்தியாசம். சீசன் முடிவுப் பட்டியல்ல முதல் பத்துக்குள்ள வந்த நாலு அணிகளை, ஃப்ளோரிடா, கொலராடோ, கேன்சஸ் ஸ்டேட், கேன்சஸ், இவங்க தோற்கடிச்சிருந்தாங்க.

முன்வரிசை? ஆட்டத்துக்குச் சராசரியா 399.8 யார்டு ஓட்டம். முந்தைய வருஷத்தை விட கிட்டத்தட்ட 60 யார்டு அதிகம்! ரெகுலர் சீசனோட 11 ஆட்டத்துலயும் நெப்ராஸ்கா குவார்ட்டர்பேக் ஒரு தடவைகூட சாக் ஆகலை. பூஜ்யம். புகழ்பெற்ற பைப்லைன்கூட அதைச் செய்யலை.

1996 ஜனவரி 2, ஃபியஸ்டா பௌல். ஃப்ளோரிடாவை 62-24னு துவைச்சாங்க. அன்னைக்கு ஓட்டம் மட்டும் 524 யார்டு. ஃப்ரேஸியர் ஏழெட்டுப் பேரை உதறிட்டு 75 யார்டு ஓடினதை இன்னைக்கும் போட்டுப் போட்டுக் காட்டுறாங்க.

இங்க ஒண்ணு சொல்லணும். எல்லாப் புகழும் அஞ்சு பேருக்கேன்னு எழுதினா அதுவும் நேர்மை இல்லை. ஃப்ரேஸியர் உடல் தேறித் திரும்பி வந்தது பெரிய விஷயம். நெப்ராஸ்கா ஆடினது ஆப்ஷன் ஆட்டம், எறியிறது குறைவு, அதனால சாக் ஆகிற வாய்ப்பும் குறைவு. இதையெல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தாலும், நாலு தூண் போன வீடு முன்னைவிட உறுதியா நின்னுதுங்கிற உண்மை மிச்சம் இருக்கு.

நாத்தங்கால்

எப்படி? பதில் ஆகஸ்ட்ல இல்லை, அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி இருக்கு.

நெப்ராஸ்காவுல 1969லேயே பாய்ட் எப்லின்னு ஒருத்தரை உடற்பயிற்சிக்குன்னே வேலைக்கு வச்சாங்க. கல்லூரி ஃபுட்பால்ல இந்த வேலைக்குன்னே சம்பளம் வாங்கின முன்னோடிகள்ல ஒருத்தர். அப்போ எடை தூக்கினா ஆள் மந்தமாயிடுவான்னு பல பயிற்சியாளர்கள் நம்பின காலம்.

லைன் பயிற்சியாளர் மில்ட் டெனோப்பிர் 1974லேருந்து 2002 வரைக்கும் அதே ஊர், அதே வேலை. கூட டான் யங். ஒரு பையன் சேர்ந்த நாள்லேருந்து முடிக்கிற நாள் வரைக்கும் ஒரே சொல், ஒரே முறை. அவர் எழுதின புத்தகத்தோட பேரே 'தி அசெம்ப்ளி லைன்'. உற்பத்தி வரிசைன்னு வெளிப்படையாவே சொல்லிட்டார்!

அப்புறம் ரெட்ஷர்ட் முறை. முதல் வருஷம் ஆடாம உட்கார்ந்தா, அஞ்சு வருஷத்துல நாலு சீசன் ஆடலாம். நெப்ராஸ்கா லைன்மேன் பலபேர் மூணாவது, நாலாவது வருஷத்துலதான் முதல் வரிசைக்கே வருவாங்க. அதுவரைக்கும் எடை, சாப்பாடு, பயிற்சி. பயிற்சியிலயும் ஒரு சூட்சுமம். பொதுவா முதல் வரிசை ஆடும், மிச்சப்பேர் நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. ஆஸ்போர்ன் மைதானத்தைப் பிரிச்சு ஒரே நேரத்துல பல இடத்துல ஆட்டம் நடத்தினார். மூணாம் வரிசைப் பையனுக்கும் முதல் வரிசைக்காரனுக்கு ஈடா பயிற்சி. இதுக்கு நிறைய ஆள் வேணும். 1994லேருந்து ஸ்காலர்ஷிப் 85 பேருக்கு மேல கூடாதுன்னு விதி. மிச்சத்தை நிரப்பினவங்க வாக்-ஆன் பையன்கள், மாநிலத்தோட சின்னச் சின்ன ஊர்லேருந்து, பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துலேருந்து, சொந்தச் செலவுல வந்தவங்க. அவங்க பேர் எந்தப் பட்டியல்லயும் வராது. ஆனா அவங்க எதிர்ல நிக்கலைன்னா டெய்லரும் டிஷ்மனும் யாரைத் தள்ளிப் பழகியிருப்பாங்க?

நாத்தங்கால் நல்லா இருந்தா நடவு பத்தின பயம் வேண்டாம். ஆகஸ்ட்ல மதிப்பீடு எழுதுறவங்க நடவு வயலை மட்டும் பார்த்தாங்க. அந்த நாலு புது ஆளுங்கள்ல ஒருத்தரான ஆரன் டெய்லர் 1996ல சென்டரா ஆல் அமெரிக்கன், 1997ல கார்டா ஆல் அமெரிக்கன், அதே 1997ல அவுட்லேண்ட் கோப்பை. 'கவலைக்கிடம்'னு எழுதின இடத்துல நின்ன பையன்!

கசப்பான பக்கம்

இதைச் சொல்லாம முடிச்சா கதை வெறும் துதியாப் போயிடும்.

1995 செப்டம்பர்ல லாரன்ஸ் பிலிப்ஸ் தன் முன்னாள் காதலியைத் தாக்கினதுக்காகக் கைதானார். அணியிலேருந்து நீக்கம். ஆறு ஆட்டம் கழிச்சு ஆஸ்போர்ன் அவரைத் திரும்பச் சேர்த்துக்கிட்டார். ஃபியஸ்டா பௌல்ல ஆடவும் விட்டார். நாடு முழுக்கக் கண்டனம். அணிங்கிற கட்டுப்பாடு ஒண்ணுதான் அந்தப் பையனைக் காப்பாத்தும், விட்டா கெட்டுப்போவான்னு ஆஸ்போர்ன் தரப்பு விளக்கம். ஜெயிக்கிறதுக்காகத்தான்னு மத்தவங்க சொன்னாங்க.

நான் அந்த ஆறு ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்தேன். 77, 49, 35, 57, 49, 44. மொத்தம் 311, சராசரி 52க்குக் கொஞ்சம் குறைவு. ஓடினவர் பெரும்பாலும் ஆமன் கிரீன்னு முதல் வருஷப் பையன். அந்த சீசன்ல 1,086 யார்டு. அதாவது நட்சத்திரம் இல்லாம ஆறு ஆட்டம், ஒரு சொட்டுக்கூடக் குறையலை. முன்வரிசை அப்படி.

இந்த நம்பரை ரெண்டு மாதிரி படிக்கலாம். 'ஜெயிக்கிறதுக்கு அவர் தேவையே இல்லை, அதனால ஆஸ்போர்ன் சொன்ன காரணம் நிஜமாத்தான் இருக்கணும்'னு ஒரு வழி. 'தேவையே இல்லாதபோதும் ஏன் கூப்பிட்டீங்க, அடிபட்ட பெண்ணுக்கு நீங்க சொல்ற சேதி என்ன'ன்னு இன்னொரு வழி. எனக்கு ரெண்டாவது கேள்விதான் கனமாத் தெரியுது. பிலிப்ஸ் பிற்பாடு வேற குற்றங்களுக்காகச் சிறைக்குப் போய், 2016 ஜனவரியில சிறையிலேயே இறந்துபோனார். காப்பாத்தணும்ங்கிற நோக்கம் நிஜமாவே இருந்திருந்தாலும் அது பலிக்கலை.

ஒரு விஷயம் மட்டும் உறுதி. 'இந்த நட்சத்திரம் இல்லாம முடியாது'ன்னு யாராவது சொன்னா, அவங்க பந்து வச்சிருக்கிறவனை மட்டும்தான் பார்க்கிறாங்கன்னு அர்த்தம்.

இன்னைக்கு அந்தக் கணக்கு

இப்போ நிலைமை வேற. 2021லேருந்து வீரர்கள் ஒரு தடவை கல்லூரி மாறினா, ஒரு வருஷம் உட்காராம உடனே ஆடலாம்னு ஆச்சு. பேரை வச்சு விளம்பரக் காசு வாங்கவும் அதே வருஷம் வழி பிறந்தது. ரெண்டுமே வீரர்களுக்கு நியாயமான விஷயம், வருஷக்கணக்கா அவங்க உழைப்புல யார் யாரோ சம்பாதிச்சாங்க. ஆனா மூணு வருஷம் பின்வரிசையில காத்திருக்கிற டெய்லர்கள் இப்போ ஏன் காத்திருக்கணும்? 2025ல நீதிமன்ற உடன்படிக்கைக்குப் பிறகு அணிக்கு 105 பேர்னு உச்சவரம்பும் வந்துருச்சு. வாக்-ஆன் பையன்களுக்கு இடம் சுருங்கிப்போச்சு.

அதனால 'எத்தனை பேர் திரும்பி வர்றாங்க'ங்கிற கேள்விக்கு 1995ஐ விட இன்னைக்கு மதிப்பு அதிகம்னுதான் எனக்குத் தோணுது. நாத்தங்கால் இல்லாத ஊர்ல நட்டிருக்கிற பயிரைத்தானே எண்ண முடியும்? ஆனா நாத்தங்காலை மூடிட்டு, ஏன் முன்ன மாதிரி விளையலைன்னு கேட்கிறது ஃபுட்பால்ல மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. ஆபீஸ்ல நாலு சீனியர் ஒரே நேரத்துல கிளம்பிட்டா 'ஐயோ'ன்னு கத்துறோம். அவங்களுக்குப் பின்னாடி யாராவது பழகிக்கிட்டு இருந்தாங்களா, பழக இடம் கொடுத்தோமான்னு அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருப்போமா?

அடுத்த ஆகஸ்ட்ல யாராவது ஒரு முன்வரிசையை மதிப்பிட்டா, நான் பார்க்கப்போற வரிசை இதுதான்: சென்டர் பழைய ஆளா, லைன் பயிற்சியாளர் எத்தனை வருஷமா இருக்கார், ரெண்டாம் வரிசை போன வருஷம் எத்தனை நேரம் களத்துல நின்னுது. அதுக்கப்புறம்தான் தலையை எண்ணுவேன்.

உங்களுக்குத் தெரிஞ்ச வேற அணி, வேற ஆட்டத்துல இப்படி மொத்தமா ஆள் மாறியும் அசராம நின்ன கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அசந்து விழுந்த கதை இருந்தாலும் சரி, அதுலயும் கத்துக்க நிறைய இருக்கும். :-)

பி.கு.: நெப்ராஸ்காவுல லைன்மேன்களுக்குன்னு ஒரே ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. எதிராளியை மல்லாக்கத் தள்ளினா அதுக்குப் பேர் 'பான்கேக்', அதை எண்ணி வைப்பாங்க. தோசைக் கணக்கு. அத்தனை உழைப்புக்கும் கிடைச்ச ஒரே நம்பர் அதுதான்.